முதல் காசு யாருடையது என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெற்றி கண்ட தொழிலதிபர்களின் வாழ்க்கைப் பாடங்கள் என்று உங்கள் ஞாயிறு இதழில் வருகிற அரைப் பக்கத்தை நான் விடாமல் வாசிக்கிறவள். மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் மிளகாய், மல்லி, அரிசி அரைக்கிற மில் ஒன்று வைத்திருக்கிறேன். சனம் குறைந்த பின்னேரங்களில் மா படிந்த கதிரையில் இருந்து வாசிக்க அது நல்ல சாமான். ஆனால் அதில் இரண்டு விசயம் எப்போதும் விடுபட்டுப் போகிறது. முதல் காசு யார் தந்தது, தொழில் படுத்திருந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமா என்று ஒருவரும் எழுதுவதில்லை.

இதை இப்போது எழுத வைத்தவன் என் தம்பியின் மகன். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படிக்கிறான். அண்மையில் இங்கே இளைஞர்களுக்கென்று ஒரு கருத்தரங்கு நடந்தது. கன்னத்தில் மைக்கை ஒட்டிக்கொண்டு ஒருவர் மேடையில் அங்கும் இங்கும் நடந்து நடந்து கதைத்தாராம். படிப்புப் பெரிசில்லை, துணிவுதான் பெரிசு என்றாராம். பெடியன் வீட்டுக்கு வந்து, படிப்பை நிற்பாட்டிவிட்டு ரீசேட்டில் படம் அடிக்கிற மெசின் எடுக்கப்போகிறேன், அம்மாவின் காப்பை அடகு வைக்கலாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். தாய்க்காரி ஒன்றும் சொல்ல ஏலாமல் அவனை என்னிடம் அனுப்பிவிட்டாள்.

"மாமி, பில் கேட்ஸே கம்பஸை விட்டவர்தானே?"

"ஓம் மனே. கிடைச்ச கம்பஸை விட்டவர். உனக்கு இன்னும் கிடைக்கவே இல்லையே."

சிரித்தான், ஆனால் இறங்கி வரவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த மிச்சக் கதையையும் சொன்னேன். பில் கேட்ஸின் தகப்பன் சியாட்டில் நகரத்தில் பேர்போன சட்டத்தரணி. மகன் படித்த லேக்சைட் என்ற தனியார் பள்ளிக்கூடத்தில் 1968 இலேயே பிள்ளைகள் கணினி பழக வசதி இருந்தது. 13 வயதில் தொடங்கி அதிலேயே பழியாய்க் கிடந்து பழகியவர் 1975 இல் மைக்ரோசொப்ட்டைத் தொடங்கினார். ஹார்வர்டில் லீவு எடுத்துக்கொண்டுதான் போனார். சரிவராவிட்டால் திரும்பிப் போயிருக்கலாம். அமேசனின் ஜெஃப் பெசோஸுக்கு 1995 இல் தாய் தகப்பன் போட்ட காசு ஏறத்தாழ 245,000 டொலர். இந்தக் காசு திரும்பி வராமல் போக 70 வீதம் இடமிருக்கிறது என்று சொல்லித்தான் அவர் முதல் போட்டவர்களிடம் வாங்கினார். எனக்கு அவரிடம் பிடித்த பாடம் இதுதான். காசு தருகிறவரின் முகத்தைப் பார்த்து, இது போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது. கருத்தரங்கில் அது வரவில்லையாம். கராஜில் தொடங்கியது மட்டும் வந்ததாம்.

அவர்கள் தோற்றால் இன்னொன்றைத் தொடங்குவார்கள். எங்கள் பக்கத்தில் தோற்றால் என்ன நடக்கும் என்பதை நான் மாவின் அளவில் பார்த்திருக்கிறேன். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிற ஒரு பிள்ளை வாவிக்கு அங்கால், படுவான்கரையில் இருந்து வருகிறவள். கிழமைக்கு இரண்டு தரம் பத்துக் கிலோ பச்சையரிசி கொண்டுவருவாள். மறுகா அது ஏழாச்சு. மறுகா நாலு. நான் ஒன்றும் கேட்கவில்லை; மில்லில் இருக்கிறவளுக்குக் கேட்கத் தேவையுமில்லை. குழுக்கடன் எடுத்திருக்கிறாள். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். அரிசிக்கு வைத்த காசு தவணைக்குப் போகிறது. அரிசி குறைய இடியப்பம் குறைகிறது. இடியப்பம் குறைய, தவணை கட்ட இன்னொரு கொம்பனியில் கடன். கூட்டம் வைக்கிற நாளில் ஒருத்தி காசோடு வராவிட்டால் மற்றவர்கள் அவளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது சட்டம். அதனால் கடன் தந்தவனுக்குப் பயந்ததைவிடப் பக்கத்து வீட்டுக்காரியின் முகத்துக்குப் பயந்துதான் எங்கள் பெண்கள் ஒளிந்து திரிந்தார்கள். இவளும் சில கிழமை மில் பக்கமே வரவில்லை.

இந்தக் குழுக்கடனின் மூலக்கதையும் உங்கள் பக்கத்தில் வரக்கூடிய வெற்றிக் கதைதான். பங்களாதேசில் முகம்மது யூனுஸ் என்ற பொருளியல் பேராசிரியர் 1976 இல் தன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்குத் தன் சொந்தக் காசில் 27 டொலர் கொடுத்தார். ஆளுக்கு அல்ல, எல்லாருக்கும் சேர்த்து 27 டொலர். அதற்கு முதல் அவர் செய்த வேலையை யாரும் சொல்வதில்லை. மூங்கில் முக்காலி பின்னுகிற ஒரு பெண்ணிடம், மூங்கில் வாங்கக் காசு எங்கே எடுக்கிறாய், யாருக்கு விற்கிறாய், கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது என்று உட்கார்ந்து கேட்டார். வியாபாரியிடம் கடன் வாங்கி, அவன் சொன்ன விலைக்கு அவனுக்கே விற்கிறாள் என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் காசு. 1983 இல் கிராமீன் வங்கி, 2006 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு எல்லாம் மறுகா வந்தவை. யுத்தம் முடிந்தபின் எங்கள் ஊர்களுக்கு மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் கடனைக் கொண்டுவந்தார்கள், அந்தக் கேள்விகளைக் கொண்டுவரவில்லை. 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்து நிலுவையில் கிடந்த ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முடிவெடுத்தது. வட்டிக்கு 35 வீதம் என்று மேல் எல்லையும் வந்தது. எல்லையே 35 என்றால் அதற்கு முதல் என்ன எடுத்திருப்பார்கள்! துணிந்து இறங்கு என்று மேடையில் சொல்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்?

அப்ப பெரிய முதலாளிமாரிடம் படிக்க ஒன்றுமே இல்லையா மாமி என்றான். இருக்கிறது. ஆனால் அது கைதட்டு வாங்குகிற சாமான் இல்லை.

கடலூர் சி. கே. ரங்கநாதனை எடுங்கள். குடும்பத் தொழிலை விட்டு வந்து 1983 இல் 15,000 இந்திய ரூபாயோடு சிக் ஷம்பு தொடங்கியவர். சிக் என்பது அவருடைய தகப்பன் சின்னி கிருஷ்ணனின் பெயர். போத்தல் வாங்க வசதியில்லாத ஆட்களும் பாவிக்க வேண்டும் என்று சாமான்களைச் சிறு பக்கற்றில் அடைத்து விற்றவர் அந்தத் தகப்பன். மகன் என்ன செய்தார்? எந்தக் கொம்பனியின் வெற்றுப் பக்கற் என்றாலும் சரி, ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார். சனம் பழகினபின், இனிச் சிக் பக்கற் ஐந்துக்குத்தான் ஒன்று என்று மாற்றினார். வெற்றுப் பக்கற் எண்ணுகிற வேலை! இதில் மைக் பிடித்துச் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் ஒரு ரூபாய்க்காரியும் வாடிக்கையாளர்தான் என்பதை எண்ணிக் காட்டியிருக்கிறார். எங்கள் மில்லில் கால் கிலோ மிளகாய் கொண்டுவருகிறவளையும் திருப்பி அனுப்புவதில்லை. பெரிய மில்காரர் சிலர் அனுப்புவார்கள்.

அந்தப் பக்கற்றுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. வாய்க்காலிலும் கடற்கரையிலும் அது குவிந்து, கடைசியில் எங்கள் நாட்டில் 2021 மார்ச் 31 இல் இருந்து, சாப்பாட்டுச் சாமானும் மருந்தும் தவிர மற்றவற்றுக்கு 20 மில்லிலீற்றர், 20 கிராமுக்கு உட்பட்ட பக்கற்றுகளைத் தடை செய்ய வேண்டி வந்தது. பாடம் எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதினால் பிள்ளைகள் கெட்டுவிட மாட்டார்கள்.

சின்ன வயதிலேயே தொடங்கு என்பது இன்னொரு பல்லவி. இரண்டு மகன்மாரின் பெயரைச் சேர்த்துத் தில்மா என்று தேயிலைக்குப் பெயர் வைத்து விற்கத் தொடங்கும்போது மெரில் ஜே. பெர்னாண்டோவுக்கு 50 வயது தாண்டிவிட்டது. அதுவரை தேயிலைத் தொழிலிலேயே கிடந்து பழகினவர். தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்துகொண்டு சோஹோ என்ற மென்பொருள் கொம்பனியை நடத்திய சிறீதர் வேம்புவைக் காட்டி, டிகிரி தேவையில்லை என்கிறார்கள். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளை எடுத்து, மாதக் காசும் கொடுத்துத் தொழில் பழக்குவது சோஹோவின் வழக்கம். நல்ல விசயம். ஆனால் அவர் சென்னை ஐஐடியில் படித்து, பிரின்ஸ்டனில் கலாநிதிப் பட்டம் எடுத்த மனுசன். அது மேடையில் வராது.

விழுமியம் என்றும் உங்கள் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. அதைப்பற்றி எனக்குக் கொஞ்சம் பயம் இருக்கிறது. காசு உழைத்தவன் எல்லாம் நல்லவன் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். சரவண பவன் ராஜகோபால் 1981 இல் சென்னையில் சாப்பாட்டுக் கடை தொடங்கி, நட்டம் வந்தாலும் நல்ல எண்ணெய், நல்ல மரக்கறி என்று நின்றவர். வேலையாட்களின் பிள்ளைகள் படிப்பையும் வைத்தியச் செலவையும் பார்த்தவர். அதே ஆள் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றார். 2019 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அவருடைய குசினியில் இருந்து பாடம் எடுக்கலாம், ஆளுக்கு மாலை போடத் தேவையில்லை. எங்கள் நாட்டில் தேசமான்ய என்ற அரச பட்டம் பெற்ற லலித் கொத்தலாவலவின் குழுமத்தைச் சேர்ந்த கோல்டன் கீ கடனட்டைக் கொம்பனி 2008 டிசம்பரில் விழுந்தபோது ஏறக்குறைய 26 பில்லியன் ரூபாய் வைப்புப் பணம் முடங்கியது. பட்டத்தைப் பார்த்துக் காசு வைத்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

எனக்கு விழுமியம் என்றால் கல்முனையில் சரக்குக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் காக்காவின் முகம்தான் வரும். என் கணவர் இருந்த காலத்தில் எங்களுக்குச் செத்தல் மிளகாய் கடனுக்குத் தந்தவர். 2004 சுனாமியில் கடைச் சாமானோடு கடன் கொப்பியும் போய்விட்டது. சில கிழமை கழித்து, எரிந்த இடத்தைக் கூட்டுகிறவரைப்போல அவர் அந்த இடத்தைக் கூட்டித் துப்புரவாக்கி, ஒரு மேசையும் புதுக் கொப்பியும் போட்டு இருந்தார். கடன்பட்டவர்கள் தாங்களாய் வந்து, என் கணக்கு இவ்வளவு என்று சொன்னார்கள். சொன்னதை அப்படியே எழுதினார். குறைத்துச் சொன்னவரோடும் வாதாடவில்லை. வீடு போனவர்களிடம், மறுகா பார்ப்பம் போங்க என்றார். வராதவர்களைத் தேடியும் போகவில்லை. ஆனால் அவர்களுக்கு அதற்குப் பிறகு ஒரு கிலோ மிளகாய் கடனுக்குக் கிடைத்ததில்லை, யார் சிபாரிசு பிடித்தாலும். அந்தப் பிடிவாதத்தையும் சேர்த்துத்தான் நான் மதிக்கிறேன். இளகிய மனம் மட்டும் இருந்திருந்தால் கடை மறுபடி எழும்பியிராது.

அவரிடம் பார்த்துப் படித்த ஒன்று எனக்கு 2022 இல் உதவியது. கணக்கை ஆட்களுக்கு முன்னால் வைப்பது. ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாய் 75 வீதம் கூடியது, அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். மில்லுக்கு மோட்டர்தான் உயிர். அரைகூலியைக் கூட்டாமல் எடையில் கைவைக்கலாம், கிலோவுக்கு ஒரு பிடி மா மெசினுக்குள்ளேயே நின்றுவிட்டது என்று சொல்லலாம், ஆருக்கும் தெரியாது. நான் கரண்ட் பில்லைத் தராசுக்கு மேலே சுவரில் ஒட்டினேன், புதுக் கூலியைப் பக்கத்தில் எழுதினேன். வந்தவர்கள் வாசித்தார்கள், ஏசினார்கள், சிலர் வீட்டில் உரலில் இடிக்கப் போனார்கள். போனவர்களில் பாதிப்பேர் தோள்நோவோடு திரும்பி வந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அந்த அரைப் பக்கத்தை நிற்பாட்ட வேண்டாம். கொஞ்சம் கிழக்குப் பக்கமும் திருப்புங்கள். மருதமுனையில் கைத்தறி போட்டுச் சாரன் நெய்கிறவர்கள் இருக்கிறார்கள், நூல் விலை ஏறினபோது எப்படித் தாக்குப் பிடித்தார்கள் என்று கேளுங்கள். காத்தான்குடி வியாபாரிகளிடம், கடன் யாருக்குக் கொடுப்பீர்கள், யாருக்கு இல்லை என்பீர்கள் என்று கேளுங்கள். சட்டிக்குத் தயிர் போடுகிறவர்களிடம் மாடு நோய்ப்பட்ட வருசத்தைக் கேளுங்கள். தொழிலை மூடிவிட்டுப் போன இரண்டொரு பேரிடமும் கேளுங்கள். வென்றவர்களிடம் மட்டும் கேட்டால் தோற்ற காரணம் எப்படித் தெரியும்? பில் கேட்ஸைப் பற்றி எழுதினாலும் சரி, முதல் காசு யாருடையது என்று ஒரு வரி போடுங்கள்.

தம்பியின் மகன் பரீட்சை எழுதுகிறதாய்ச் சம்மதித்திருக்கிறான். சனிக்கிழமைகளில் மில்லுக்கு வந்து கணக்குக் கொப்பி எழுதுகிறான். மெசின் ஆசை போகவில்லை. ஒரு ரீசேட்டுக்கு மை எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று என் பழைய பில் கட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்ததைக் கண்டேன். காப்பு இன்னும் தாயின் கையில்தான்.

படுவான்கரைப் பிள்ளை இப்போது ஆறு கிலோ கொண்டுவருகிறாள். உங்கள் நிருபர் வந்தால் கதைக்கச் சம்மதம் என்கிறாள், எந்தக் கடனை எதை விற்று அடைத்தாள் என்பது உட்பட. படம் மட்டும் போடக்கூடாதாம். ஒரு கொம்பனிக்கு இன்னும் தவணை பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
மில்லுக்கார அக்கா,
களுவாஞ்சிக்குடி.
(பெயரும் விலாசமும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். பிரசுரிக்க வேண்டாம்.)