வலி எப்படி வந்தது என்று கேள்

அன்பு மகள் கயலுக்கு,

குடியாத்தத்தில் நைட் டியூட்டி தொடங்கியிருக்கிறாய். இந்த வெயிலுக்குத் தலைவலி என்று வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களில் மூளை ரத்தக்குழாயில் அனியூரிசம் (குழாய்ச் சுவர் பலூன்போலப் புடைத்த இடம்) வெடித்து, மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்த ஒருவர் நடந்தே வரலாம். பலருக்குக் கை கால் விழாது, வாய் கோணாது. ஸ்ட்ரோக்கில் எளிதாகக் கை நழுவிப் போகக்கூடியது இது. எனக்கு இதில்தான் கவலை.

எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டால் எல்லாரும் "தாங்க முடியல" என்பார்கள். "வலி வந்தப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க? உச்சத்துக்குப் போக எவ்ளோ நேரம் ஆச்சு?" என்று கேள். தறியில் உட்கார்ந்திருந்தபோதோ, குடம் தூக்கும்போதோ திடீரென வந்து ஒரு நிமிடத்துக்குள் உச்சம் தொட்டிருந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை ரத்தக்கசிவு என்றே வைத்துக்கொள். நடுவில் மயங்கினாரா என்று கூட வந்தவரைக் கேள்.

கழுத்து விறைக்கப் பல மணி நேரம் ஆகலாம். கழுத்து மடங்குகிறதே என்று விட்டுவிடாதே. ஒரு பக்க இமை சரிந்து அந்தக் கண்ணின் பாப்பா விரிந்திருந்தால் அவசரம் இன்னும் அதிகம். ஊசி போட்டதும் வலி குறைந்தது என்பது எதையும் நிரூபிக்காது. பி.பி. 190 இருந்தால் "பி.பி. தலைவலி" என்று எழுதாதே, கசிவே பி.பி.யை ஏற்றும். ஈ.சி.ஜி.கூட மாரடைப்பு மாதிரி மாறும்; அதை நம்பி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொடுத்தால் கசிவு பெருகும்.

கான்ட்ராஸ்ட் (சாய மருந்து) இல்லாத தலை சி.டி. உடனே எடு. வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள், நல்ல மெஷினில் எடுத்து, அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் பார்த்து "கசிவு இல்லை" என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். ஆனால் கடும் ரத்தசோகை இருந்தால் கசிவு படத்தில் வெள்ளையாகத் தெரியாமல் போகலாம். நம் ஊர்ப் பெண்களிடம் இதை மறக்காதே, ஹீமோகுளோபினையும் பார். 6 மணி நேரம் தாண்டினால் சி.டி. சுத்தமாக இருந்தாலும் முதுகுத் தண்டுநீர் பார்க்க வேண்டும், அல்லது ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ எடுக்க வேண்டும். கசிந்த ரத்தம் சிதைவதால் தண்டுநீரில் வரும் மஞ்சள் நிறம் தெளிவாகத் தெரிய 12 மணி நேரம் ஆகும். டியூபை வெளிச்சம் படாமல் மூடி, உடனே லேபுக்கு அனுப்பு.

மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். காலைவரை வார்டில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்காதே. வேலூருக்கு அனுப்பும்போது சி.டி. படங்களோடு, வலி தொடங்கிய நேரம், ஜி.சி.எஸ். (நினைவு நிலை மதிப்பெண்), கண் பாப்பா அளவு, பி.பி., கொடுத்த மருந்து எல்லாம் சீட்டில் எழுது. தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி, வாந்தியை அடக்கி அனுப்பு. வண்டி கிளம்புமுன் அங்கே நியூரோ சர்ஜரி டியூட்டி டாக்டரிடம் நீயே போனில் பேசிவிடு.

அன்புடன்,
அப்பா