கடலோரக் களநிலையம்: இலையுதிர்காலப் பருவம் குறித்த செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த இலையுதிர்காலத்தில் நமது களநிலையத்தில் வலசை போகும் பாடும் பறவைகளுக்குக் கால்வளையம் இட்ட பணி குறித்த அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இனவாரியான எண்ணிக்கைப் பட்டியலும் பொருளாளரின் வரவு செலவுக் கணக்கும் தனித்தனியே சுற்றுக்கு விடப்பட்டிருப்பதால் அவற்றை இங்கே மறுபடி சொல்லவில்லை. பட்டியலைப் பார்த்த உறுப்பினர்கள் சிலர், முந்தைய ஆண்டைவிட இம்முறை வளையமிட்ட பறவைகள் குறைந்தது ஏன் என்று கேட்டிருந்தார்கள். பருவத்தின் பிற்பாதியில் பல காலைகளில் நாமே வலைகளைச் சுருட்டி வைத்ததால்தான் எண்ணிக்கை குறைந்தது. அந்த முடிவுக்கு ஏன் வந்தோம் என்பதை விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சிறு பாடும் பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை போகின்றன. வானம் தெளிந்து, காற்றும் போகும் திசைக்கு ஒத்துவந்தால், இருட்டிய சற்று நேரத்தில் கிளம்பிவிடுகின்றன. பொழுது விடியும்போது கீழே கடல் விரிந்து கிடப்பதைக் கண்டவை திரும்பி வந்து கரையோரப் புதர்களில் இறங்கும்; நடுவழியில் மழை மறித்தாலோ கூட்டம் கூட்டமாக ஒரே நேரத்தில் இறங்கும். பருவத்தின் நடுவில் அப்படி ஒரு விடியல் வாய்த்தது. இரவெல்லாம் சாதகமான காற்று வீசியது; விடிவதற்குச் சற்று முன் தூறல் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. மழை விட்டதும் எல்லா வலைகளையும் விரித்தோம். அன்று நிலையத்தில் இருந்த நால்வரில், வலையிலிருந்து பறவையை விடுவிக்கப் பயிற்சி பெற்றிருந்தவர்கள் நானும் இன்னொருவரும் மட்டுமே.

முதல் சுற்றுக்குப் போனபோதே ஒவ்வொரு வலையின் மடிப்பும் கனத்துத் தொங்கியது. மெல்லிய நைலான் இழையில் பின்னிய அந்த வலை, புதரின் பின்னணியில் கண்ணுக்கே தெரியாது. மோதும் பறவை, தொய்வாக விட்டிருக்கும் மடிப்புக்குள் பையில் விழுந்தது போல் விழுந்து கிடக்கும். அதை எடுக்க வேண்டுமானால் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே புகுந்தது என்பதை முதலில் கண்டறிந்து, பிறகு கால், இறக்கை, தலை என்று ஒவ்வொரு இழையாக விலக்க வேண்டும். அவசரப்பட்டால் இறக்கை மூட்டு பிசகிவிடும். நாங்கள் ஐந்தாவது வலையை எட்டியபோது, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே நாம் வைத்திருக்கும் அரை மணி நேர வரம்பு கடந்துவிட்டிருந்தது. அதன் அடி மடிப்பு பாரம் தாங்காமல் தாழ்ந்து ஈரப் புல்லைத் தொட்டுக்கொண்டிருக்க, உள்ளே ஓர் இளம் ஈப்பிடிப்பான் இறகெல்லாம் நனைந்து, கழுத்தில் இழை சுற்றியபடி கிடந்தது. கதகதப்பான பெட்டியில் வைத்துப் பார்த்தோம், பிழைக்கவில்லை. வலைகளை விரிக்கச் சொன்னவன் நான் என்பதால் பொறுப்பும் என்னுடையதே.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வளையமிடும் அமைப்புகளின் பதிவுகளைத் திரட்டிய ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. வலையில் பிடிபட்ட பறவைகளில் காயம்பட்டவை 0.59 விழுக்காடு, இறந்தவை 0.23 விழுக்காடு என்று அது கணக்கிட்டது. வலையில் பிடிப்பது பொதுவில் பாதுகாப்பான முறைதான் என்பதற்கு இந்த எண்கள் சான்று. ஆனால் அந்த விழுக்காடு அவ்வளவு குறைவாக இருப்பது, காற்று பலத்தாலும் மழை வந்தாலும் கை போதாவிட்டாலும் வலையை மூடிவிடுகிற பலருடைய கட்டுப்பாட்டினால் என்றே நான் கருதுகிறேன். மறுநாளே செயற்குழு கூடி, பயிற்சி பெற்றவர் ஒருவருக்கு இரண்டு வலைகளுக்கு மேல் விரிப்பதில்லை என்றும், தூறல் விழுந்தாலே மூடுவது என்றும் முடிவு செய்தது. அதன்படி எஞ்சிய பருவத்தில் பல நல்ல காலைகளைக் கைவிட்டோம். அதில் எனக்கு வருத்தமில்லை.

வலைகள் குறைந்ததில் ஒரு நன்மையும் விளைந்தது. ஒவ்வொரு பறவையையும் நிதானமாகப் பார்க்க நேரம் கிடைத்தது. கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே இருத்திப் பிடித்து, மார்பு இறகுகளை வாயால் ஊதி விலக்கினால், கழுத்தடியில் கவட்டை எலும்பின் நடுவே உள்ள குழி தெரியும். வெறுமையாக இருந்தால் அது கருஞ்சிவப்பாகக் குழிந்திருக்கும். கொழுப்பு சேர்ந்திருந்தால் மெல்லிய தோலின் அடியில் மஞ்சளாகப் புடைத்து நிற்கும். இந்தக் கொழுப்புதான் கடலைக் கடப்பதற்கான எரிபொருள். வட அமெரிக்காவின் பிளாக்போல் கதிர்க்குருவி சாதாரணமாகப் பன்னிரண்டு கிராம் அளவே எடையுள்ளது. அது இலையுதிர்காலத்தில் அட்லாண்டிக் கடலின் மேல் இரண்டு மூன்று நாட்கள் இறங்காமலே பறக்கிறது என்பது, முதுகில் பொருத்திய சிறு கருவிகளின் மூலம் 2015இல் உறுதியாயிற்று. நம் கையில் ஒரு பறவையை வீணே தாமதிக்கவைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அது இரை தேடும் நேரத்திலிருந்து கழிகிறது என்பதைப் புதிய தன்னார்வலர்களுக்கு இந்தக் குழியைக் காட்டியே விளங்கவைத்தோம்.

வயதறிய, தலை இறகைத் தண்ணீரால் நனைத்து விலக்கி, மெல்லிய தோலின் வழியே தெரியும் மண்டையோட்டைப் பார்த்தோம். அந்த ஆண்டில் பொரித்த குஞ்சுகளுக்கு ஓடு ஒற்றையடுக்காக இளஞ்சிவப்பில் தெரியும். முதிர்ந்தவற்றில் வெண்புள்ளிகள் நிரம்பியிருக்கும். பருவம் முற்ற முற்ற இளம் பறவைகளின் ஓடும் நிறைவடைந்துவிடுவதால், கடைசி வாரங்களில் இறகுகளின் தேய்மானத்தைக் கொண்டே வயதைக் கணித்தோம். மற்றக் கடலோர நிலையங்களைப் போலவே இங்கும் பிடிபட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை முதல் பயணத்தில் இருந்த இளம் பறவைகள்.

வளையங்களின் எடையும் அளவும் குறித்து ஒரு சொல். டென்மார்க்கின் ஆசிரியர் மோர்டென்சன், 1890இல் மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளுக்குத் துத்தநாக வளையம் இட்டுப் பார்த்து, அது கனம் என்று கண்டு கைவிட்டார். 1899இல் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையத்துக்கு மாறிய பிறகே இம்முறை வேரூன்றியது. இரண்டு அளவுகளுக்கு இடையே ஐயம் எழும்போதெல்லாம் காலின் தடிமனை அளந்த பிறகே வளையத்தை எடுக்க வேண்டும். கண் மதிப்பில் எடுக்கும் வழக்கம் நம்மில் சிலரிடம் இன்னும் இருக்கிறது.

பதிவேட்டில் ஒரு பிழையும் நேர்ந்தது. ஒரு வளையத்தின் கடைசி எண் 6 என்பதை நான் 8 என்று எழுதிவிட்டேன். சில நாட்கள் கழித்து அதே கதிர்க்குருவி மீண்டும் வலையில் விழுந்து, நம் ஏட்டில் இல்லாத எண்ணுடன் என் கையில் இருந்தபோதுதான் தவறு வெளிப்பட்டது. கழுத்தடிக் குழி முதல் நாளில் வெறுமையாக இருந்ததும் இப்போது நிறைந்திருந்ததும் நம் கரையோரப் புதர்கள் அதற்கு இரை தந்தன என்பதற்குச் சான்று. எண் தவறாகவே இருந்திருந்தால் அந்தச் சான்று கிடைத்திராது. சிறு பறவைகளில் வளையமிட்டவை வேறோர் இடத்தில் கண்டெடுக்கப்படுவது மிக அரிது. அப்படி ஒன்று கிடைக்கும் நாளில் நம் எண் சரியாக இருக்க வேண்டும். ஆகவே ஒருவர் எண்ணை உரக்கப் படிப்பதும் எழுதுபவர் திருப்பிச் சொல்வதும் இப்போது கட்டாயமாகியுள்ளது.

வலைகளில் சில கிழிந்துள்ளன, பழுதுபார்ப்பு நடந்துவருகிறது. விடியலுக்கு முன் வந்து கம்பங்களை நட்ட இளைய உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன்.

பயிற்சி பெற்றவர் ஒருவருக்கு இரண்டு வலை என்ற செயற்குழுவின் முடிவை நிரந்தர விதியாக்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். அது நிறைவேறினால் அடுத்த பருவத்துக்குள் விடுவிப்புப் பயிற்சி பெற்றவர்கள் இன்னும் பலர் தேவைப்படுவார்கள். பயிற்சியில் சேர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்