ஆலையில் வெந்த காலை வீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வட்டாரத்துச் செம்பனை எண்ணெய் ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்குக் கையிலோ காலிலோ வெந்த தழும்பு இருப்பது சாதாரணம். அதை யாரும் விபத்து என்று சொல்வதில்லை. ‘கொஞ்சம் சுட்டுடுச்சு’, அவ்வளவுதான்.

என் அக்காள் மகன் ஸ்டெரிலைசர் பக்கம் வேலை பார்க்கிறான். பழக்குலைகளை ஏறத்தாழ 140 டிகிரி நீராவியில் வேகவைக்கும் இடம் அது. கதவைத் திறந்தபோது அடியில் தேங்கியிருந்த கொதிநீர் பாய்ந்து அவனுடைய ரப்பர் பூட்ஸுக்குள் இறங்கிவிட்டது. கால்சட்டையைப் பூட்ஸுக்குள் செருகியிருந்தான். வெளியே விட்டிருந்தால் பாதித் தண்ணீராவது வழிந்து போயிருக்கும். கழற்றுவதற்குள் கணுக்கால் வரை வெந்து, தோல் காலுறையோடு உரிந்து வந்துவிட்டது. யாரோ பற்பசையை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டியிருக்க வேண்டும். பக்கத்தில் குழாயே இல்லையாம்.

அதைவிட என்னை வருத்தியது அப்புறம் நடந்தது. கிளினிக்குக்கு அழைத்துப்போன சூப்பர்வைசர் வழியிலேயே, ‘வீட்டுல சுடுதண்ணி கொட்டிடுச்சுன்னு சொல்லு தம்பி, செலவ கம்பெனி பாத்துக்கும்’ என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆலை வாசல் பலகையில் ஏறிக்கொண்டிருக்கும் விபத்தில்லாத நாள்கணக்குக்காக, வலியில் துடிக்கும் பிள்ளையைப் பொய் சொல்ல வைப்பது என்ன நியாயம்?

வேலையிட விபத்து என்று பதிவானால், தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ சிகிச்சையைப் பார்த்துக்கொள்ளும். எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடும் கிடைக்கும். வெந்த தோல் ஆறும்போது சுருங்கி மூட்டு இழுத்துக்கொள்வது பல மாதம் கழித்துத்தான் தெரியவரும். அன்றைக்குப் போய்க் கேட்டால், ‘வீட்டில் நடந்தது’ என்றுதான் கிளினிக் பதிவில் இருக்கும். விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் செய்யாவிட்டால் தொழிலாளியே அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லலாம். 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் வேலை பெர்மிட் போய்விடுமோ என்ற பயத்தில் வங்காளதேசத்துப் பையன்கள் வாயே திறப்பதில்லை.

எங்கள் பையனை மறுநாளே மருத்துவமனைக்குக் கொண்டுபோய் நடந்ததை நடந்தபடி எழுதவைத்தோம். எல்லா வீட்டிலும் இப்படி விவரம் தெரிந்த ஒருவர் இருக்கமாட்டார். சொக்சோ அதிகாரிகள் தோட்டத்துக் கோயில் மண்டபங்களுக்கு வந்து இதைத் தமிழில் விளக்க வேண்டும். தொழிற்சங்கத்தார் அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். ஸ்டெரிலைசர் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் போட ஆலைகளுக்கு எவ்வளவு செலவாகிவிடும்? அதையும் உங்கள் பத்திரிகை கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்