பஸ் டிரைவர் வேலைக்கா என்று கேட்டிருந்தாய்

காவேரிப்பட்டணம்

அன்புள்ள கண்ணு,

நீ ராத்திரி எழுதி அனுப்பியதைக் காலையில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஏர்ஃபோர்ஸில் 14 வருஷ ஷார்ட் சர்வீஸ் முடியப்போகிறது, ஏர்லைன்ஸுக்கு வருவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. அதோடு விட்டிருக்கலாம். "ஏஎன்-32 சரக்கு விமானம் ஓட்டிட்டு பஸ் டிரைவர் வேலைக்கா போறது?" என்று ஒரு வரி சேர்த்திருந்தாய் பார், அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "இவ தாத்தா காதுல விழுந்திருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி" என்றாள்.

உன் தாத்தா தர்மபுரி–சேலம் ரூட்டில் பஸ் ஓட்டியவர். நீ பிறக்கும் முன்னாலேயே ரிட்டயர்டு ஆகிவிட்டதால் அவரை ஸ்டியரிங்கில் நீ பார்த்ததில்லை. பள்ளிக்கூட லீவு நாளில் நான் இன்ஜின் பானெட் மேல் உட்கார்ந்து கூடவே போவேன். சூடு தாங்காமல் துண்டை நாலாக மடித்துப் போட்டுக்கொள்வேன். தொப்பூர் கணவாய் இறக்கம் தொடங்கும் முன்னாலேயே அவர் வேகத்தைக் குறைத்து, செகண்ட் கியருக்கு வந்து, கணவாய் முடிகிறவரை அதே கியரில் முனகிக்கொண்டே இறக்குவார். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டுக்கொண்டு வரும் லாரிகள் ஆரன் அடித்தபடி எங்களைத் தாண்டும். அடுத்த வளைவில் அதில் ஒன்று ஓரமாக நின்றிருக்கும், பிரேக் டிரம்மில் புகை வரும், லைனிங் கருகுகிற நாற்றம் பஸ்ஸுக்குள் வரை அடிக்கும். "இறக்கத்துல கியர் தேடறவன் டிரைவர் இல்லடா" என்பார்.

நானும் ஏர்ஃபோர்ஸை விட்டு ஏர்லைன்ஸில் ஏர்பஸ் 320-க்கு மாறியபோது எனக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்ததில் பாதி இதுதான். ஆயிரம் அடிக்கு வரும்போதே சக்கரம் கீழே, ஃபிளாப் (இறக்கையின் பின்பக்கத் தகடு) முழுசாக, வேகம் சரியாக, இன்ஜினில் பவர் இருக்க வேண்டும்; இதைத்தான் ஸ்டேபிள் என்போம். இதில் ஒன்று குறைந்தாலும் ஓடுபாதை கண்ணுக்கு எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் இறங்கக் கூடாது, கோ அரவுண்ட்; மறுபடி மேலே ஏறிச் சுற்றி வர வேண்டும். இதற்காக யாரும் உன்னைத் தண்டிக்கக் கூடாது என்று டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதியே இருக்கிறது.

2010 மே 22 மங்களூருவை நினைத்துப் பார். துபாயிலிருந்து வந்த விமானம். அந்த ஓடுபாதை மலைமேல் மேஜை மாதிரி, தாண்டினால் பள்ளம். உயரமாகவும் வேகமாகவும் வந்தார்கள். வலது சீட்டில் இருந்த கோ-பைலட் மூன்று தடவை கோ அரவுண்ட் சொன்னார் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. இடது சீட்டில் இருந்த கேப்டன் கேட்கவில்லை. 158 பேர் போனார்கள், பிழைத்தது எட்டே பேர். அந்த அறிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன். எனக்கு அதில் விமானத்தைவிட அந்த இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த தூரம்தான் பெரிதாகப் படுகிறது.

நீ யோசிக்க வேண்டியதும் அந்த இடத்தைத்தான். சம்பளத்தையோ பெருமையையோ பற்றி இல்லை. நீ வந்தால் முதலில் வலது சீட். ஏர்ஃபோர்ஸ் ரேங்க் என்பதெல்லாம் வீட்டுச் சுவரில் மாட்டுகிற போட்டோவோடு சரி. உன் கேப்டனுக்கு உன்னைவிட ஐந்தாறு வயது குறைவாகக்கூட இருக்கலாம். எனக்கு நாற்பது தாண்டிய பிறகு அப்படித்தான் ஆனது. முதல் மாதம் ஒரு பையன் (பையன் என்று சொல்லக் கூடாது, கேப்டன்) "சார், செக்லிஸ்ட்டை என் வேகத்துக்குப் படிங்க" என்றான். உள்ளே சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னது சரி. யூனிஃபார்மில் மேலே இருப்பவருக்குத் தலையாட்டிப் பழகிய நாக்கு, "கேப்டன், நாம் ஸ்டேபிளாக இல்லை" என்று ஓங்கிச் சொல்லப் பழக வேண்டும். சின்னவன் சொல்வதைக் கேட்கக் காதும் பழக வேண்டும். இது உன்னால் முடியும் என்றால் வா. முடியாது என்று தோன்றினால் ஆயிரம் மணி நேர அனுபவம் இருந்தும் பிரயோஜனமில்லை.

ஏர்ஃபோர்ஸ் பறப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. நீ அஸ்ஸாம் ஜோர்ஹாட்டிலிருந்து அருணாசல மலையில் இருக்கும் மெச்சுகா போகிறவள்; எனக்கு வாய்த்தது லடாக்கில் லே. 1984-இல் வரத் தொடங்கிய ஏஎன்-32 அப்போது புது மெருகு கலையாமல் இருந்தது. இருட்டோடு சண்டிகரில் கிளம்புவோம். லே ஓடுபாதையே பத்தாயிரம் அடிக்கு மேல். வெயில் ஏற ஏறக் காற்று லேசாகும், இன்ஜின் இழுவை குறையும், தூக்கக்கூடிய சுமையும் குறையும்; மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று வேறு கிளம்பிவிடும். அதனால் இறங்கி, இன்ஜினை அணைக்காமலே மண்ணெண்ணெய் டின்னையும் மூட்டையையும் இறக்கி, திரும்பிவிட வேண்டும். ஒருதடவை உயிரோடு ஆடுகளை ஏற்றிப் போனோம். திரும்பி வந்தும் வாரக்கணக்கில் அந்த வாடை போகவில்லை, ஃபிளைட் இன்ஜினியர் ஊதுபத்தி கொளுத்தலாமா என்று கேட்டார். அந்த நாட்களை எதற்கும் விட்டுத் தர மாட்டேன்.

ஆனால் அங்கேயும் நல்ல பைலட் யார் என்றால், பள்ளத்தாக்கின் வாயில் மேகத்தைப் பார்த்ததும் சுமையோடு சண்டிகருக்குத் திரும்பியவர்தான். ஏர்லைன்ஸில் அதையே 180 பேரை வைத்துக்கொண்டு, கனெக்‌ஷன் ஃபிளைட் போகிறதே என்று பின்னால் ஒருவர் கத்துவார் என்று தெரிந்தே செய்ய வேண்டும். அதற்குப் பதக்கம் கிடையாது, ஆள் ஆளுக்கு முறைத்துக்கொண்டு இறங்குவார்கள்.

மற்றபடி சலிப்பும் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டு வாசலில் கார் வரும். டியூட்டிக்கு முன் குடிக்கவில்லை என்று ஊதிக் காட்ட வேண்டும். இருமல் மருந்துகூட யோசித்துத்தான் குடிக்க வேண்டும். பொங்கல், தீபாவளி எல்லாம் ரோஸ்டர் போட்டபடி. 60 தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு மெடிக்கல், 65-இல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்குப் பிடித்தது பெங்களூரு–திருச்சி. வானம் தெளிவாக இருந்தால் இடது பக்கம் கேஆர்பி என்கிற கிருஷ்ணகிரி அணைத் தண்ணீர் தகடு போலத் தெரியும், அதற்குக் கீழே பச்சையெல்லாம் நம்ம ஊர் மாந்தோப்பு. கோ-பைலட்டுகளிடம் காட்டிக் காட்டி அவர்களுக்கு அலுத்துப்போய்விட்டது.

முடிவு உன்னுடையது. வருவதாக இருந்தால் இப்போதே சில வேலைகளைத் தொடங்கு. பறந்த மணிக்கணக்கு எழுதும் லாக் புக்கில் ஒவ்வொரு பக்கமும் கையெழுத்தாகியிருக்கிறதா பார். யூனிட்டை விட்டு வந்த பிறகு அலைவது பெரும்பாடு. சிவில் லைசென்ஸ் பரீட்சைக்குப் பதிவு எண்ணான டிஜிசிஏ கம்ப்யூட்டர் நம்பர் வாங்கிவிடு. ஏர் ரெகுலேஷன் என்கிற விமான விதிகள் பாடத்தைச் சுலபம் என்று விட்டுவிடாதே, நம் ஆட்கள் அதில்தான் கோட்டை விடுவார்கள். ரேடியோ லைசென்ஸ் பரீட்சைக்குத் தனியாகப் படிக்க வேண்டும். என்னுடைய பழைய நோட்டுகள் பரண்மேல் இருக்கின்றன, விதிகள் மாறியிருக்கும், வானிலைப் பாடம் மட்டும் அப்படியே உதவும்.

பெங்களூரா மாங்காய் ஊறுகாய் போட்டாகிவிட்டது. கூரியர்காரன் எண்ணெய்ப் பாட்டில் என்றதும் எடுக்க மாட்டேன் என்கிறான். உங்கள் பக்கம் யாராவது லீவில் வந்து திரும்புகிறார்களா என்று கேட்டு அம்மாவுக்கு போன் பண்ணு.

அப்பா