தேன்மொழிக்கு, மாம்பலத்திலிருந்து

அன்புள்ள தேன்மொழிக்கு,

பிலிப்பைன்ஸின் கூலியோன் தீவுக்குப் போய்வந்த புகைப்படங்களை நீ அனுப்பி இருபத்திரண்டு நாளாகிறது. அதன் பிறகு உன்னிடமிருந்து பேச்சில்லை. தேர்வு நெருங்குகிறது என்று உன் அம்மா சொல்கிறாள்; இருக்கலாம். வெயிலில் அலையாதே, வெறுங்காலோடு நடக்காதே.

அந்தத் தீவைப் பற்றி நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். 1906 மே மாதம் செபுவிலிருந்து 370 தொழுநோயாளிகளைக் கப்பலில் கொண்டுபோய் இறக்கினார்களாம். நோய் உள்ளவர்களைப் பிடித்துத் தனிமைப்படுத்த, அப்போது அங்கே இருந்த அமெரிக்க ஆட்சி அடுத்த ஆண்டே சட்டமும் செய்துவிட்டது. பிற்பாடு உலகிலேயே மிகப் பெரிய தொழுநோய்க் குடியிருப்பாக அது வளர்ந்தது. நோயாளி தொட்ட காசு வெளியே புழங்கக் கூடாதென்று 1913 முதல் தீவுக்கென்றே தனி நாணயம் அடித்தார்கள். அவ்வளவு எளிதில் ஒட்டிக்கொள்ளாத ஒரு கிருமிக்காகக் காசைக் கண்டு நடுங்கியிருக்கிறார்களே என்று படிக்கும்போது சிரித்துவிட்டேன். உடனே, நம் பழைய வீட்டுப் பின்கட்டில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைத் தம்ளர் நினைவுக்கு வந்தது, புத்தகத்தை மூடிவிட்டேன்.

மறுநாள் போய் மீதியைப் படித்தேன். அங்கே பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தனியே வளர்த்ததையும், நம் சித்த வைத்தியர்கள் நீரடிமுத்து என்று சொல்லும் இனத்து எண்ணெயை ஊசியாகப் போட்டதையும், பின்னர் டாப்சோன் மாத்திரை வந்ததையும், 1980-களில் கூட்டு மருந்து வந்தபின் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ குணமாக்க முடிந்ததையும், 2006-இல் தீவில் இந்நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததையும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் குடும்பத்தில் முதல் டாக்டர் நீ. தெருவில் எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் அப்பாவுக்கு ஒரு வரி எழுத மட்டும் அந்த டாக்டருக்கு நேரமில்லை.

மருத்துவமனை வாசலில் நீ நிற்கும் படத்தில், உன் இடது முழங்கைக்கு மேலே சற்று வெளிறித் தெரிகிறது. வெளிச்சத்தின் கோளாறாக இருக்கலாம், தேமலாகவும் இருக்கலாம். எதற்கும் ஒருவரிடம் காட்டிவிடு. இந்தக் கிருமி பல ஆண்டுகள் சத்தமில்லாமல் உடலுக்குள் இருக்கும் என்று படித்தேன். காட்டிவிடு அம்மா.

கடைசியாகப் பேசியபோது, செங்கல்பட்டுப் பக்கம் திருமணி தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பெரிய அத்தையைப் பற்றிக் கேட்டாய். இணைப்புச் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. மாத்திரைகளை முடித்து, குணமாகிவிட்டதென்று எழுதியும் கொடுத்த பிறகு, எனக்குக் கல்யாணமான ஆண்டில் அக்கா எனக்கு மூன்று கடிதங்கள் போட்டாள். மூன்றையும் நான் வாங்கவில்லை. தபால் இலாகாவில் வேலை பார்த்தவன் நான். எந்த இரண்டு சொற்களை எழுதினால் கடிதம் வந்த வழியே திரும்பிப் போகும் என்று எனக்குத் தெரியும். தபால்காரரைக்கூட எழுத விடாமல், ‘பெற மறுத்தார்’ என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். கூலியோன்காரர்களுக்கு நடுவில் கடல் இருந்தது, தலைக்கு மேல் சட்டம் இருந்தது. எனக்கும் அக்காவுக்கும் நடுவில் இருந்தது செங்கல்பட்டு மின்சார ரயில்தான்; மாம்பலத்தில் ஏறினால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அவள் எழுதியது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதை உன் அம்மாவிடமும் சொன்னதில்லை. இன்று இரவு சொல்லிவிடுகிறேன்.

நீ அத்தையைப் பற்றிக் கேட்டது அத்தைக்காகத்தானா? வேறு ஒன்றும் எழுத வேண்டாம். குளிக்கும்போது அந்த இடத்தில் வெந்நீரின் சூடு தெரிகிறதா, இல்லையா என்று மட்டும் எழுது.

உன் அப்பா