வேண்டாம் என்றவர்களுக்கு ஒரு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். உசிலம்பட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். என் மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவனுக்கு ஆறு வயது. ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. இப்போது மாத்திரையில் இருக்கிறான், பள்ளிக்கூடம் போகிறான். அந்த முதல் மூன்று நாட்களில் கூட நின்றவர்களுக்கு நான் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. சிலரோடு சண்டை போட்டதுதான் மிச்சம். அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் ஊர் டாக்டரய்யா. பத்து நாளாகக் காய்ச்சல், கால் வலி, கழுத்தில் நெறிக்கட்டி. "ஒரு ஊசியைப் போட்டு விடுங்கய்யா, சட்டுனு கேட்டுரும்" என்று கெஞ்சினேன். அவர் பையனின் தொடையில் இருந்த நீலத் திட்டுகளைப் பார்த்துவிட்டு, "ஊசி வேண்டாம், முதல்ல ரத்தத்தைப் பார்ப்போம்" என்றார். காய்ச்சலைச் சட்டென்று இறக்கும் ஊசிகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்குமாம். அது இந்த நோயை அரைகுறையாக அமுக்கி, கண்டுபிடிப்பதையே குழப்பிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் லேப் தம்பி. பத்தாயிரத்தை ஒட்டி இருக்க வேண்டிய வெள்ளை அணு 2,86,000 காட்டியிருக்கிறது. மெஷின் தப்போ என்று மறுபடி ஓட்டி, கண்ணாடித் தகட்டில் தடவியும் பார்த்தாராம். ராத்திரி ஒன்பது மணிக்கு போன். "காலைல வந்து ரிப்போர்ட் வாங்கிக்கங்கன்னு சொல்ல மனசு வரலண்ணே. இப்பவே மதுரைக்குக் கிளம்புங்க." கிளம்பிவிட்டோம். வழியெல்லாம் பையனோடு கார்ட்டூன் கதை பேசிக்கொண்டே வந்த 108 வண்டிக்காரருக்கும் நன்றி.

மதுரையில்தான் என் சண்டை. ஹீமோகுளோபின் 5.8. ரத்தம் கொடுக்க என் மச்சான்மார் நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள், நைட் டியூட்டி டாக்டரம்மா ரத்தம் ஏற்ற முடியாது என்கிறார். என்ன ஆஸ்பத்திரி நடத்துகிறீர்கள் என்று வராந்தாவில் நின்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "அண்ணா, அவன் ரத்தம் இப்ப கூழ் மாதிரி கெட்டியா இருக்கு. இதுல சிவப்பணுவையும் ஏத்தினா மூளையிலயும் நுரையீரல்லயும் சின்னச் சின்னக் குழாயெல்லாம் அடைச்சுக்கும். தட்டணு மட்டும் ஏத்துறோம், மூளைல ரத்தம் கசியாம இருக்க" என்றார். அன்று எனக்குப் பாதிதான் புரிந்தது. டாக்டரம்மா, கத்தியதற்கு மன்னியுங்கள். தட்டணு கொடுக்க அகாலத்தில் பைக்கில் வந்த கல்லூரித் தம்பிகள் இருவர், பெயர்கூடச் சொல்லாமல் போனீர்கள்.

வார்டு சிஸ்டரோடு என் மாமியாருக்குத் தனிச் சண்டை. பேரனுக்கு என்று இளநீர் வாங்கி வந்தார், சிஸ்டர் பிடுங்காத குறையாக வாங்கி வைத்துவிட்டார். மருந்து உள்ளே போனதும் புற்றணுக்கள் கூட்டம் கூட்டமாக உடையும். உடைந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் கொட்டும், யூரிக் அமிலம் ஏறிச் சிறுநீரகத்தை அடைக்கும். பொட்டாசியம் எகிறினால் இதயமே நின்றுவிடலாம். இளநீரிலோ அது நிறைய. அதனால்தான் பாட்டில் திரவத்தில்கூட பொட்டாசியம் சேர்க்காமல், ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் அளவுக்கு விட்டுக்கொண்டே இருந்தார்கள். 19 கிலோ பிள்ளைக்கு!

உள்ளே போனது, வெளியே வந்தது, இரண்டையும் எழுத வேண்டும். "கடைக்காரர்தானே, வரவு செலவு எழுதத் தெரியாதா?" என்று சிஸ்டர் என் கையில் நோட்டைக் கொடுத்தார். மூத்திரம் மணிக்கு 75 மில்லிக்குக் குறையக் கூடாது. அதிகாலை மூன்று மணிக்கு 40தான் வந்தது. ஓடினேன். உடனே டாக்டரம்மா வந்து பார்த்து மருந்தை மாற்றினார். நாலு மணிக்கு 110. என் கடையில் எந்தத் தீபாவளிக் கணக்கும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

கடைசியாக, ஆஸ்பத்திரி வாசலில் ஜூஸ் கடை போட்டிருக்கும் அண்ணன். யூரிக் அமிலத்தைக் குறைக்க ஒரு ஊசி போட்டார்கள். அதைப் போட்ட பிறகு எடுக்கும் ரத்தத்தை ஐஸில் வைத்துத்தான் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் அந்த மருந்து ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்க்குள்ளும் வேலை பார்த்து, யூரிக் அமிலத்தை இருப்பதைவிடக் குறைவாகக் காட்டிவிடும். வார்டில் ஐஸ் தீர்ந்துபோயிருந்தது. பூட்டிய கடையைத் தட்டினேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே எழுந்து வந்து, ஐஸை உடைத்து, உங்கள் பிளாஸ்க்கிலேயே போட்டுக் கொடுத்தீர்கள். காசு வேண்டாம் என்றீர்கள்.

எட்டாம் நாள் வெள்ளை அணு 3,100. பிளாஸ்க் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது அண்ணே. அடுத்த செக்கப்புக்கு வரும்போது கட்டாயம் கொண்டுவருகிறேன்.