காணொளிக்கும் எழுத்து வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் நிகழ்த்துகலைகளைப் பற்றிய காணொளிகள் இணையத்தில் ஏராளமாக இருந்தும் தேடினால் கிடைப்பதில்லை என்றும், தேடுபொறி நிறுவனங்கள் தமிழை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளுவதே அதற்குக் காரணம் என்றும் அண்மையில் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். முதற்கூற்றை நான் முழுமையாக ஏற்கிறேன். இரண்டாவது கூற்று, பழியின் பெரும்பகுதியைச் சேர வேண்டாத இடத்தில் சேர்க்கிறது. கல்லூரி நூலகத்தில் பட்டியல் தயாரிக்கும் வேலையிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். பட்டியலில் ஏறாத நூல் அடுக்கில் இருந்தும் இல்லாததற்குச் சமம் என்பதை நூலகத்தில் பணியாற்றிய எவரும் அறிவர். நம் காணொளிகளில் பலவற்றின் நிலையும் அதுதான்.

தேடுபொறியின் கிராலர் என்பது, ஒரு பக்கத்தைப் பெற்று, அதிலுள்ள இணைப்புகளைத் திரட்டி வரிசையில் சேர்த்து, அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து படித்துக்கொண்டே போகும் மென்பொருள். கூகுளின் கிராலர், பக்கத்தை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலையும் இயக்கி, பக்கம் உலாவியில் எப்படித் தோன்றுமோ அப்படியே அதை உருவாக்கிப் பார்க்கிறது. 2019 மே மாதம் முதல் குரோம் உலாவியின் புதிய பதிப்பையே இதற்குப் பயன்படுத்தி வருகிறது. ஆயினும் அது மனிதரைப் போலப் பக்கத்தோடு உறவாடுவதில்லை. பொத்தானை அழுத்தினால்தான் காணொளி தோன்றும் என்றால், அந்தக் காணொளி அதன் கண்ணில் படாது. கல்லூரி ஒன்றின் தளத்தில் கூத்து, கணியான் ஆட்டம், வில்லுப்பாட்டு ஆகியவற்றின் அரிய பதிவுகள் உள்ளன. மாவட்டத்தையும் ஆண்டையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து, பிறகு ஒரு படத்தின் மீது சொடுக்கினால் அவை ஓடுகின்றன. எந்தப் பதிவைத் திறந்தாலும் மேலே தெரியும் இணைய முகவரி மட்டும் மாறுவதே இல்லை. பார்வைக்கு அழகான ஏற்பாடுதான். தனி முகவரி இல்லாத ஒன்றைத் தேடுபொறி எந்தப் பெயரில் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று அதை வடிவமைத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

கிராலர் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. தளத்திலுள்ள பக்கங்களின் முகவரிகளைத் தொகுத்து சைட்மேப் என்ற கோப்பாக வைக்கும் முறையை 2005-இல் கூகுள் அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டே யாஹூவும் மைக்ரோசாஃப்ட்டும் அதை ஏற்றுக்கொண்டன. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை எழுதலாம். காணொளிகளுக்கென்றே இதில் தனிக் குறிப்புகள் உண்டு: தலைப்பு, விவரம், முகப்புப் படத்தின் முகவரி, காணொளிக் கோப்பின் அல்லது அதை இயக்கும் பெட்டியின் முகவரி, ஓடும் நேரம் முதலியன. பக்கத்துக்குள்ளேயே இத்தகவல்களை இயந்திரம் படிக்கும் வடிவில் எழுதிவைக்க, கூகுளும் மைக்ரோசாஃப்ட்டின் பிங் தேடுபொறியும் யாஹூவும் சேர்ந்து 2011-இல் தொடங்கிய ஸ்கீமா என்ற பொதுச் சொல்தொகுதி இருக்கிறது. அதன்படி கூகுள் கட்டாயம் கேட்பவை மிகக் குறைவு: காணொளியின் பெயர், முகப்புப் படம், பதிவேற்றிய நாள். நாங்கள் ஒரு நூலுக்கு எழுதிய பட்டியல் அட்டையில் இதைவிட அதிகத் தகவல் இருக்கும்.

இந்த முகப்புப் படத்தை நம்மவர்கள் அலங்காரமாகவே கருதுகிறார்கள். ஆனால் செல்லத்தக்க முகப்புப் படம் கிடைக்காவிட்டால் கூகுள் அந்தக் காணொளியைக் காணொளி முடிவுகளில் சேர்ப்பதில்லை. படம் இருந்தால் மட்டும் போதாது, அதன் முகவரி நிலையானதாகவும் இருக்க வேண்டும். திருட்டைத் தடுப்பதாக எண்ணிச் சில தளங்கள் சிறிது நேரத்தில் காலாவதியாகும் முகவரிகளைப் படத்துக்கும் காணொளிக்கும் கொடுக்கின்றன. கிராலர் இன்று குறித்துக்கொண்ட முகவரியை மறுமுறை நாடும்போது அது செத்துப்போயிருக்கும். திருடன் வருகிறானோ இல்லையோ, தேடுபவர் வரும் வழி அடைபட்டுப் போகிறது.

அப்படியானால் இயந்திரம் காணொளியின் உள்ளே பார்ப்பதே இல்லையா என்று கேட்கலாம். கோப்பைப் பெற முடிந்தால் ஓரளவு பார்க்கிறது. காட்சியிலிருந்தும் ஒலியிலிருந்தும் சில செய்திகளைப் பிரித்தெடுத்து, முக்கியமான தருணங்களைக் குறித்துக் காட்டவும் முயல்கிறது. இது இன்று நேற்றுத் தோன்றிய ஆசையும் அன்று. காம்பேக் என்ற கணினி நிறுவனத்தின் ஆய்வகம் 1999-இலேயே ஸ்பீச்பாட் என்ற பெயரில், வானொலி நிகழ்ச்சிகளின் பேச்சைக் கணினியால் எழுத்தாக்கித் தேட வைத்தது. கூகுள் 2005 ஜனவரியில் தன் காணொளித் தேடலைத் தொடங்கியபோது, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளோடு ஒளிபரப்பான வசன வரிகளைத்தான் தேடியது. இரண்டிலும் தேடப்பட்டது எழுத்தே என்பதைக் கவனிக்க வேண்டும்.

யூடியூபில் பேச்சைத் தானாக எழுத்தாக்கும் வசதி 2009-இல் வந்தபோது ஆங்கிலத்தில் தொடங்கியது. நம் பதிவுகளில் அந்த வசதியை நம்பிப் பயனில்லை என்பது என் கருத்து. கணியான் ஆட்டத்தில் மகுடம் என்ற பறையின் ஒலியை மீறி, தெற்கத்திப் பேச்சில், இழுத்தும் முறித்தும் பாடப்படும் வரியைப் பக்கத்து மாவட்டத்துக்காரரே ஒருமுறைக்கு இருமுறை கேட்டுத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதை எழுதித்தர மனிதர்தான் வேண்டும். அந்தப் பாட்டை அறிந்தவர்கள் இருக்கும்போதே எழுதிவைத்தாக வேண்டும் என்பது தேடுபொறி இல்லாத உலகிலும் உண்மையாகவே இருந்திருக்கும்.

இதற்கு நம் அருகிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம், பொறியியல் விரிவுரைகளைப் படம்பிடித்து வெளியிட்டதோடு நிற்கவில்லை. விரிவுரைகளின் எழுத்து வடிவத்தையும், அவற்றில் பலவற்றுக்குத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மொழிபெயர்ப்பையும் வழங்குகிறது. பேராசிரியர் ஒரு மணிநேரப் பேச்சின் நடுவில் ஒருமுறை மட்டும் சொன்ன கலைச்சொல்லும் அந்த எழுத்தில் அகப்பட்டுவிடும். நம் கலைப் பதிவுகளிலோ, ஒளிப்பதிவுக் கருவி தானாகக் கொடுத்த எண்ணே தலைப்பாக நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆடியவர் யார், எந்த ஊர்க் கோயில் கொடைவிழா, எந்த ஆண்டு என்ற மூன்று விவரங்கள்கூட இல்லாமல் மூன்று மணிநேரக் காணொளி ஏற்றப்படுகிறது. இதில் தேடுபொறியின் சூழ்ச்சி எங்கே வந்தது?

கட்டுரையாளருக்கு ஓர் இடத்தில் நியாயம் இருக்கிறது. யூடியூபைக் கூகுள் 2006-இல் 165 கோடி டாலருக்கு வாங்கியது. தேடுபொறியும் காணொளித் தளமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தேடல் முடிவுகளில் போட்டித் தளங்களைவிட யூடியூபுக்கே முன்னுரிமை தரப்படுவதாக 2020-இல் அமெரிக்க நாளிதழான வால் ஸ்ட்ரீட் ஜர்னல் தன் சோதனைகளின் அடிப்படையில் எழுதியது. கூகுள் அதை மறுத்தது. ஒரே காணொளியைச் சொந்தத் தளத்திலும் யூடியூபிலும் வைக்கும் நிறுவனங்கள், மக்கள் யூடியூபுக்கே போய்விடுகிறார்கள் என்று வருந்துவதில் பொருள் உண்டு. ஆனால் இது எல்லா மொழிக்கும் பொதுவான சிக்கல். தமிழுக்கு எதிரான ஓரவஞ்சனை என்று இதற்குப் பெயர் சூட்டுவது பொருந்தாது.

கண்டுபிடிக்கப்படக் கூடாதவையும் இருக்கின்றன என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. பள்ளிக் குழந்தைகளின் விழா, ஒரு வீட்டின் துக்கம் ஆகியவற்றின் பதிவுகளைத் தேடலில் வராமல் தடுக்கப் பலரும் ரோபோட்ஸ் கோப்பை நம்புகிறார்கள். 1994-இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்து, 2022-இல்தான் முறையான இணையத் தர ஆவணமாக வெளியான அந்த ஏற்பாடு, இங்கே நுழையாதே என்று கிராலரைக் கேட்டுக்கொள்கிறதே ஒழிய எதையும் மறைப்பதில்லை. வேறொரு தளத்திலிருந்து இணைப்பு இருந்தால், உள்ளே படிக்காமலேயே அந்த முகவரி முடிவுகளில் வந்துவிடலாம். தேடுபொறியின் அட்டவணையில் சேர்க்காதே என்ற குறிப்பைப் பக்கத்துக்குள் எழுத வேண்டும். அந்தக் குறிப்பைப் படிப்பதற்காகவே கிராலரை உள்ளே விடவும் வேண்டும். ரோபோட்ஸ் தடையையும் இந்தக் குறிப்பையும் ஒருசேரப் போட்டு, கதவையும் பூட்டி அறிவிப்பையும் உள்ளேயே மாட்டி வைத்த தளங்கள் உண்டு. உண்மையில் அந்தரங்கமானதைக் கடவுச்சொல்லுக்குப் பின்னால் வைப்பதே முறை.

இறுதியாகத் தங்கள் நாளிதழைப் பற்றியும் ஒரு சொல். 2023-இல் கூகுள் தன் நடைமுறையை மாற்றியது. ஒரு பக்கத்தில் காணொளியே முதன்மையான உள்ளடக்கமாக இருந்தால் மட்டுமே அதைக் காணொளி முடிவுகளில் காட்டுவது என்று முடிவுசெய்தது. நீண்ட செய்தியின் அடியில் ஒட்டிவைத்த காணொளி அன்றோடு அங்கிருந்து மறைந்தது. எழுத்துச் செய்தியாக அந்தப் பக்கம் கிடைக்கும், காணொளியாகக் கிடைக்காது. தங்கள் இணையதளத்தில் மூத்த கலைஞர்களின் நேர்காணல் காணொளிகள் பெரும்பாலும் இப்படித்தான் செய்திக்குக் கீழே, விளம்பரங்களுக்கும் பிற இணைப்புகளுக்கும் நடுவே அமைந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி, காணொளியை மேலே வைத்து, கலைஞரின் பெயரையும் ஊரையும் கலையையும் தமிழெழுத்தில் தலைப்பிலேயே தந்தால் போதும். கீழே வைப்பதற்கான எழுத்தைப் புதிதாகத் தயாரிக்க வேண்டிய செலவும் தங்களுக்கு இல்லை. அதே நேர்காணல்கள் ஞாயிறு இணைப்பில் முழுமையாக அச்சாகித்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
பணி நிறைவு பெற்ற கல்லூரி நூலகர்,
திருநெல்வேலி.